பூவாத்தாளுக்கு ஒரு சாக்குச் சாம்பல்

காலை எடுக்காதீங்க அம்மிணி, சாக்கு மேலேயே வெச்சுக்கங்க. மிதிபட்டுக் கெட்டுப்போற சாமான் இல்லை, சாம்பல்தான். கண்டக்டர் தம்பி இதுக்கு லக்கேஜ் போடுவேன்னு நின்னான். "சாம்பலுக்கு டிக்கெட் கிழிச்ச பஸ் உன்ற பஸ் ஒண்ணாத்தான் இருக்கும், கிழி, ஊரெல்லாம் சொல்லிக்கிறேன்"னேன். சிரிச்சுட்டுப் போயிட்டான்.

நான் ஊத்துக்காட்டுப் பிரிவில் இறங்கணும். நீங்க? தாராபுரமா. பனியன் கம்பெனியில் இருந்து வாரீங்களா? தோளில் நூல் ஒட்டியிருக்குது, அதை வெச்சுத்தான் கேட்டேன்.

பிரிவில் இறங்கி உள்ளே ஒரு மைல் நடந்தால் என்ற தங்கச்சி பூவாத்தாளின் சாளை, காட்டுக்குள்ள இருக்கிற வீடு. பதினொரு வெள்ளாடு வெச்சிருக்கிறாள். அதில் ஒன்பது சினை. இன்னைக்கோ நாளைக்கோன்னு மடி இறங்கி நிற்குதாம். வீட்டுக்காரர் போன பிறகு அவளுக்குன்னு இருக்கிறது அந்த ஆடுகள்தான். இந்த ஈத்துக் குட்டிகள் தங்கலைன்னா பட்டியைக் கலைச்சுட்டு மில் வேலைக்குப் போறேங்கறாள். ஐம்பது வயசுக்கு மேல் எந்த மில்லில் அம்மிணி சேர்ப்பாங்க? போன வாரம் போனில் அழுதாள். "அக்கா, நீ வந்து பக்கத்தில் இரு"ன்னாள். அதுதான் கிளம்பிட்டேன். ரெண்டு வேலைக்காகப் போறேன். ஒண்ணு, இந்தச் சாம்பலைப் பட்டியில் தூவணும். இன்னொண்ணு, ஒருத்தி நாளைக்குக் காலையில் ஊசி எடுத்துக்கிட்டு வாரா. அவளை உள்ளே விடக்கூடாது. வாசலிலேயே உட்கார்ந்துக்குவேன். என்னைத் தாண்டிப் போகட்டும் பார்க்கலாம்.

இருங்க, முதல்லிருந்து சொல்றேன். இல்லாட்டி நான் ஏதோ சண்டைக்காரின்னு நினைச்சுக்குவீங்க.

எங்க ஊரு காங்கயத்துக்குத் தெற்கே, புதுவலசு. என்ற பேர் பாவாயி. நாற்பத்திரண்டு செம்மறி வெச்சிருந்தேன். இருந்தேன்னு சொல்றேன் பாருங்க, அதுக்குள்ளதான் கதையே இருக்குது.

ஆடு வளர்க்கிறவளுக்குச் சாம்பல் இல்லாமல் ஒருநாள் ஓடாது. பட்டியில் மூத்திர ஈரம் நிற்கும், ஈரத்தில் நின்னா குளம்பு புண்ணாகும். சாம்பலைத் தூவினால் ஈரத்தைக் குடிச்சுக்கும். உண்ணி பிடிச்சால் தேய்ச்சுவிட்டால் உதிர்ந்துடும். ஈன்ற குட்டியை என்ற மாமியார் முதல்ல சாம்பல் மேலதான் போடுவாங்க, குளிர் அடிக்காதுன்னு. எல்லாம் விறகடுப்புச் சாம்பல். அப்புறம் வீட்டுக்கு வீடு கேஸ் வந்தது. நல்லதுதான், கண்ணெரிச்சல் போச்சு. ஆனால் ஊரில் ஒரு கைப்பிடிச் சாம்பலுக்கு வழி இல்லை. போன வைகாசியில் கோடைமழை பெய்ஞ்சு பட்டி சேறாயிப் போனது. ஆடுகளுக்குக் காதுக்குள்ள உண்ணி கொத்துக் கொத்தாத் தொங்குது. நான் சட்டியை எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போறேன். "ஏனுங்க பாவாயக்கா, சாம்பல் பிச்சையா?"ன்னு கேட்கிறாள் பக்கத்துக் காட்டு மாரக்காள். அவள் வாய்க்கு ஒரு பூட்டு போடணும்.

எங்க காட்டுக்கு வடக்கே ஒருத்தர் மேய்ச்சல் காட்டை வாடகைக்கு விட்டிருந்தார். அதில் தகரக் கொட்டாய் போட்டு, கார் லாரியில் இருக்கிற பழைய பேட்டரியை எல்லாம் உடைச்சு, உள்ளே இருக்கிற ஈயத்தை உருக்கி எடுக்கறாங்க. உருக்கின பிறகு உலையில் சாம்பல் தங்குது பாருங்க, அதை வேலியோரம் மலை மாதிரி குவிச்சு வெச்சிருந்தாங்க. எனக்கு அதைப் பார்த்ததும் வயிறு குளிர்ந்துபோச்சு. போய்க் கேட்டேன். அந்த மேனேஜர் தம்பி தங்கமான ஆளு. "வேணுங்கற மட்டும் அள்ளிக்கங்க ஆத்தா, இன்னும் எத்தனை பேர் இருந்தாலும் கூட்டிட்டு வாங்க"ன்னார். யாருங்க இந்தக் காலத்தில் அப்படிச் சொல்றாங்க? அங்கே வேலை செய்யற வடக்கத்திப் பசங்க கையில் உறை மாட்டி, மூக்கில் துணி கட்டிட்டு அள்ளறாங்க. எனக்குச் சிரிப்பு. சாம்பலையே கண்டதில்லை போல. நான் வெறுங்கையால் அள்ளினேன். அவங்க என்னைப் பார்த்து என்னமோ பேசிக்கிட்டாங்க.

நெருப்பில் வெந்தது எப்படி அம்மிணி கெட்டதா இருக்கும்? எச்சிலோ, அழுக்கோ, சீக்கோ, நெருப்பு தின்னுட்டா மிச்சம் சுத்தம். நெற்றியில் பூசறதும் அதுதானே. நான் அப்படித்தான் நினைச்சேன். இப்பவும் அப்படித்தான்.

தூவின மறுநாள் ஒரு உண்ணி இல்லை. ஈ இல்லை. கொசு இல்லை. பட்டிக்குள்ள எறும்புகூட வரலை. விறகுச் சாம்பலுக்கு இந்தச் சக்தி கிடையாது. ஆடுகளுக்கும் பிடிச்சுப் போச்சு. தரையை நக்கும், ஒண்ணு உடம்பில் தேய்ச்சதை இன்னொண்ணு நக்கும். இனிக்குமோ என்னமோ. உப்புக்கட்டி கட்டித் தொங்கவிட்டால்கூட அப்படி நக்காது. "பாருடி, என்ற ஆடே சொல்லுது"ன்னு மாரக்காளிடம் சொன்னேன். அவளுக்கும் ரெண்டு கூடை தரேன்னேன். "உன்ற சாம்பலும் வேண்டாம், நீயும் வேண்டாம்"ன்னாள். பொறாமை. அப்போதிருந்தே என்ற பட்டி மேல அவளுக்கு ஒரு கண்ணு.

சும்மா சொல்லலைங்க. ஆடிப்பெருக்கு அன்னைக்கு எங்க நாய் செத்தது. கருவாயன்னு பேரு. பட்டிக்குக் காவல். ராத்திரியெல்லாம் பட்டி மூலையில் நான் கொட்டி வெச்சிருந்த சாம்பல் குவியலில் குழி பறிச்சுச் சுருண்டு படுத்துக்கும், கதகதப்புக்கு. விடிஞ்சால் உடம்பை நக்கி நக்கிச் சுத்தம் பண்ணும். அது திடீர்னு ஒருநாள் சோற்றைத் தொடலை. வட்டம் வட்டமாச் சுத்துது. காற்றைக் கடிக்குது. கூப்பிட்டால் என்னைத் தெரியலை. வெறி பிடிச்சிருச்சுன்னு ஊரில் தடியைத் தூக்கிட்டாங்க. நான் விடலை. மூணாம் நாள் சுவரில் தலையை முட்டிக்கிட்டு நின்னவாக்கிலேயே போயிருச்சு. மாரக்காள்தான் கறியில் எதையோ வெச்சுட்டாள்னு எனக்குத் தோணுது. அது கிடக்கட்டும்.

ஆவணியில் ஊசிக்காரப் பொண்ணு வந்தாள். ரேணுகான்னு பேரு. கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்து ஸ்கூட்டரில் வருவாள், ஐஸ் பெட்டியில் மருந்தை வெச்சுக்கிட்டு. மழைக்கு முன்னால் ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி. மூக்கு ஒழுகி, வாய் புண்ணாகி, கழிசல் கண்டு பட்டியையே காலி பண்ணும் அந்தச் சீக்கு. ஊரில் எல்லாப் பட்டிக்கும் போட்டாள். எனக்குப் போட்டாள், மாரக்காளுக்குப் போட்டாள். ஒரே நாள், ஒரே பாட்டில், ஒரே கை. நான் ஒவ்வொரு ஆடாப் பிடிச்சுக் கொடுத்தேன். காப்பி கொடுத்தேன். "சர்க்கரை தூக்கலா இருக்குது ஆத்தா"ன்னு குடிச்சாள்.

ஐப்பசி மழையில் சீக்கு வந்தது. எங்கிருந்தோ சந்தை ஆட்டில் ஒட்டிட்டு வந்தது. மாரக்காள் பட்டியில் ரெண்டு ஆடு தும்மினது, நாலு நாளில் தெளிஞ்சு மேய்ச்சலுக்குப் போனது. என்ற பட்டியில் ஒண்ணு படுத்தது. மறுநாள் மூணு. அதுக்கு மறுநாள் எட்டு. பத்தொன்பது ஆட்டைக் குழி தோண்டிப் போட்டேன் அம்மிணி. ஜேசிபிக்காரன் வந்து குழி எடுத்தான். அவனே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான்.

மிச்சம் இருந்ததில் ஏழு சினை. மார்கழியில் ஈன்றது. நாலுதான் உயிரோடு விழுந்தது. உயிரோடுன்னா என்ன, மூச்சு இருந்தது. முயல்குட்டி கனம்தான் இருக்கும். எந்திரிக்கத் தெரியலை. செம்மறிக்குட்டி விழுந்த கொஞ்ச நேரத்துக்குள்ள காலை ஊனி, ஆடி ஆடி நின்னு, மடியைத் தேடி முட்டும். அது பார்த்துப் பார்த்து எனக்குச் சலிச்சதே இல்லை. இதுகளுக்குக் காலை ஊனத் தெரியலை. நான் தூக்கி நிறுத்தறேன், தொப்புன்னு விழுது. காம்பை வாயில் வெச்சால் பல்லை நறநறன்னு கடிக்குது, சப்பத் தெரியலை. ஒரு குட்டிக்குக் கண்ணு திறந்திருக்குது, விரலைக் காட்டினால் இமைக்கலை. நாலும் ஒரு வாரம் தாண்டலை.

இப்போ சொல்லுங்க. ஒரே பாட்டில் மருந்து. அவள் பட்டி நிற்குது, என்ற பட்டி குழிக்குள்ள போகுது. ஏன்? அந்தப் பொண்ணு எனக்கு மருந்தைப் போடலை, தண்ணியைப் போட்டிருக்கிறாள். இல்லாட்டி சினை ஆட்டுக்குப் போடக்கூடாததைப் போட்டுட்டாள். வேற என்ன இருக்குது?

அவளும் வந்தாள். வரலைன்னு சொல்ல மாட்டேன். குழி மூடின அன்னைக்கே வந்து பட்டிக்குள்ள குத்துக்காலிட்டு உட்கார்ந்துக்கிட்டாள். தரையைக் கிளறிக் கிளறிப் பார்க்கிறாள். "இது எங்க ஆத்தா எடுத்தீங்க?"ன்னாள். சொன்னேன். மூணு ஆட்டில் ரத்தம் எடுத்துக்கிட்டுப் போனாள். குட்டியும் செத்த பிறகு ஒரு காகிதத்தோடு வந்தாள். ரத்தத்தில் ஈயம் இருக்குதாம். "ஊசிங்கறது காவலுக்கு ஆளைக் கூப்பிடற மாதிரி ஆத்தா. கூப்பிட்டால் உள்ளே ஒருத்தன் எந்திரிச்சு வரணும். உங்க ஆட்டுக்குள்ள எந்திரிச்சு வர ஆளே இல்லை. இந்தச் சாம்பல் அவனை அடிச்சுப் போட்டிருச்சு. வயிற்றுக் குட்டியையும் அதுதான் வளர விடலை"ன்னாள்.

கேட்டீங்களா கதையை? தான் பண்ணின தப்பைத் தூக்கிச் சாம்பல் மேல போடுறாள். நான் விடுவேனா? "பித்தளைக்கு ஈயம் பூசித்தான் எங்கம்மா சோறாக்கினாள். நாங்க ஆறு பேரும் நின்னமா இல்லையா?"ன்னேன். "அது வேற ஈயம் ஆத்தா, இது காரீயம்"ங்கறாள். "ஆமா, ஈயத்தில் பங்காளி வகையறா பார்த்துட்டு வந்துட்டியா, போ"ன்னு அனுப்பிட்டேன்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். வெளியே மரத்தடியில் மனு எழுதறவர் ஒருத்தர். நான் சொல்லச் சொல்ல எழுதி, ராகமா வாசிச்சுக் காட்டினார். "மருந்தென்று தண்ணீரைச் செலுத்தி, வாயில்லா ஜீவன்களை வதைத்து"ன்னு வந்தது. எனக்கே கண்ணில் தண்ணி வந்துருச்சு. அந்த ரத்தக் காகிதத்தையும் கொடுத்தேன். படிச்சுப் பார்த்துட்டு மடிச்சு என்ற கையிலேயே கொடுத்துட்டார். "இது வேண்டாங்க ஆத்தா, இதைச் சேர்த்தா மனு நிற்காது"ன்னார். எனக்கு எழுத்தா தெரியும், வாங்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கிட்டேன்.

இருபது நாளில் அந்தப் பொண்ணை மாற்றிட்டாங்க. போகும்போது வந்தாள். சண்டை போடுவாள்னு நான் முந்தானையைச் செருகிட்டு நிற்கிறேன். "பட்டியைக் கூட்டி அள்ளிருங்க ஆத்தா, மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்துங்க"ன்னுட்டு ஸ்கூட்டரை மிதிச்சாள். அது ரெண்டு மிதிக்குக் கிளம்பலை. மூணாவது மிதியில் கிளம்பிப் போயிட்டாள். எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. சின்னப் பொண்ணு. ஆனால் பத்தொன்பது ஆடு, அம்மிணி.

எங்கே மாற்றினாங்கன்னு நினைக்கறீங்க? பூவாத்தாள் ஊருக்கு. என்ற தலையெழுத்தைப் பாருங்க. நாளைக்குப் பூவா பட்டிக்கு அவள்தான் ஊசி போட வாரா. ஒன்பது சினை ஆட்டுக்கு நடுவில் அவளை விடச் சொல்றீங்களா?

அதனால்தான் நான் முன்னாலேயே ஏற்பாடு பண்ணிட்டேன். போன மாசமே பூவாவுக்கு ஒரு சாக்குச் சாம்பல் அனுப்பிட்டேன், கொழுந்தனார் மகன் வண்டியில். தூவின மறுநாளே உண்ணி ஒண்ணு இல்லை அக்கான்னு போன் பண்ணினாள். அது தீர்ந்து போச்சாம். இது ரெண்டாவது சாக்கு. குட்டி விழும்போது தரை காய்ஞ்சு இருக்கணும் பாருங்க.

என்ன அம்மிணி, காலைத் தூக்கி சீட் மேல வெச்சுட்டீங்க? மூட்டை வாய் கட்டித்தான் இருக்குது, கொட்டாது. முகமெல்லாம் ஏன் ஒரு மாதிரி ஆகுது, பஸ் ஒத்துக்கலையா? எனக்கும் இப்பக் கொஞ்ச நாளா வயிற்றைப் பிடிச்சுப் பிடிச்சு இழுக்குது. வாயெல்லாம் செம்புக்காசைச் சப்பின மாதிரி. வயசாச்சு, வேற என்ன.

என்ன கேட்டீங்க?

நாய்க்கா? நாய்க்கு யாருங்க அம்மிணி ஊசி போடுவா. அவள் ஆட்டுக்குத்தான் போட்டாள். அதுவும் ஆவணியில். நாய் செத்தது ஆடிப்பெருக்கு அன்னைக்கு, பூப்போட்டுப் புதைச்சேனே. அவள் வாரதுக்கு மூணு நாலு வாரம் முன்னால்.

ஆமா. முன்னால்தான்.

அது மாரக்காள் வெச்ச விஷம். நான்தான் சொன்னேனே. கறியில் வெச்சுட்டாள்.

பார்த்தீங்களான்னு கேட்டால், பார்க்கலை. விஷத்தை யாராவது அடுத்தவங்க பார்க்கற மாதிரியா வைப்பாங்க.

குட்டி மாதிரியேவா? என்னது குட்டி மாதிரி? அது சுத்தினது, சுவரில் முட்டினது. குட்டி சுத்தலை, குட்டிக்கு எந்திரிக்கவே தெரியலைங்கறேன். பெரிய பெட்டை ஆடு ஒண்ணு சுத்தினது. அதைச் சொன்னேனா? சொல்லலை. சீக்கில் படுக்கிறதுக்கு முன்னால் ஒரு நாள் முழுக்கச் சுத்தினது. நான் அது கிறுகிறுப்புன்னு நினைச்சேன்.

கருவாயன் அதில்தான் படுத்துக்குவான். நக்கிக்குவான்.

ஜன்னலைத் திறங்க. திறந்துதான் இருக்குதா.

மாரக்காள் சாம்பல் வாங்கலை. ரெண்டு கூடை தரேன்னேன், வாங்கலை. அவளுக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. என் மேல இருக்கிற கோபத்தில் வாங்கலை. அந்தக் கோபம் அவள் பட்டியைக் காப்பாற்றிருச்சுன்னா சொல்றீங்க? நீங்க ஒண்ணும் சொல்லலை, நான்தான் சொல்றேன். அந்தப் பசங்க மூக்கில் துணி கட்டிட்டு... நான் சிரிச்சேன்.

நான் ஒத்துக்கலை, தெரிஞ்சுக்கங்க. நெருப்பில் வெந்ததை நான் எப்படி ஒத்துக்கறது? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பொண்ணு ஒரு கேள்வி கேட்டதுக்காக நான் ஒத்துக்கணுமா? கலெக்டர் ஆபீஸில் என்ற மனு இருக்குது.

இந்தச் சுருக்குப்பையைப் பிரிங்க. கை சரியா வர மாட்டேங்குது. உள்ளே வெற்றிலைக்கு அடியில் போன் இருக்கும். காகிதத்தை எடுக்க வேண்டாம், போனை எடுங்க. காகிதம் அப்புறம். அதில் ரெண்டாம் நம்பரை அமுக்கிப் பிடிச்சால் பூவா. எனக்கு இந்த வெளிச்சத்தில் நம்பர் தெரியலை. மணி போகுதா? கொடுங்க.

பூவா? நான்தான். வந்துட்டிருக்கிறேன், பஸ்ஸில்தான். சாப்பாடெல்லாம் அப்புறம், முதல்ல நான் சொல்றதைக் கேளு. ஆடெல்லாம் எங்கே நிற்குது? பட்டிக்குள்ளயா. அத்தனையையும் அவிழ்த்து வேப்பமரத்தடிக்குக் கொண்டு போ. இப்பவே போ. வெயிலா இருந்தால் இருந்துட்டுப் போகுது. ஏன்னு வந்து சொல்றேன். அங்கே தண்ணித் தொட்டியில் அந்தச் சாம்பல் விழுந்திருந்தால் கவிழ்த்து ஊத்து.

ஆமாண்டி, நான்தான் தூவச் சொன்னேன். நான்தான் இப்போ வேண்டாங்கறேன். அக்கா சொன்னால் எதிர்க்கேள்வி கேட்காமல் செய்வியே, இன்னைக்கு மட்டும் என்ன?

அப்புறம், அந்த ஊசிக்காரப் பொண்ணு. நாளைக்கு வாரான்னியே. இன்னைக்கே வரச் சொல்லு. ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பு. நான் வாரேன்னு சொல்லாதே, சொன்னால் வராமல் போனாலும் போயிருவாள். இல்லை. சொல்லு. பாவாயி கூப்பிட்டான்னே சொல்லு. சாம்பல் விஷயம்னு சொன்னால் அவளுக்குத் தெரியும்.

என்ன?

எப்போ? காலையிலேயா. அந்தச் செவலை ஆடா. ரெண்டு குட்டியா. ஏண்டி எனக்குப் போன் பண்ணலை. எப்படியும் வந்துட்டிருக்கிறவளை எதுக்குக் கூப்பிடறதுன்னா? சரி, சரி. விழுந்ததை எங்கே போட்டே?

சாம்பல் மேலேயா.

இல்லை, திட்டலை. நான் சொல்லிக் கொடுத்ததைத்தானே செஞ்சே. அழாதே. திட்டலைங்கறேன்ல.

பூவா, நான் ஒண்ணு கேட்கிறேன், எட்டிப் பார்த்துட்டுச் சொல்லு. நீ நினைச்சதைச் சொல்லாதே, பார்த்துட்டுச் சொல்லு. போனை வைக்காதே. நான் இருக்கிறேன், நீ போய்ப் பாரு.

ரெண்டும் எந்திரிச்சு நின்னுச்சா?